செப்பும் பந்தும்: வித்தை நூல்கள் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

கணக்கில் தில்லுமுல்லு செய்பவரையும், சொன்ன சொல்லைச் சாமர்த்தியமாக மாற்றிப் பேசும் அரசியல்வாதியையும் தமிழ் நாளேடுகள் ஒரே தொடரால் குறிப்பதுண்டு: செப்படி வித்தை. இத்தொடரின் செப்பமான வடிவம் செப்பிடுவித்தை. செப்பு என்றால் சிமிழ். சிமிழ்களைத் தரையில் கவிழ்த்து, அவற்றின் அடியில் சிறு பந்துகள் தோன்றவும் மறையவும் இடம் மாறவும் செய்யும் ஆட்டத்தின் பெயர் இது. மலையாளத்தில் இந்த ஆட்டம் இன்றும் 'செப்பும் பந்தும்' என்றே வழங்குகிறது. கேரளத்தின் வாழக்குன்னம் நீலகண்டன் நம்பூதிரி இதில் பெரும்புகழ் பெற்றவர். ஓர் உருப்படியின் பெயர் முதலில் ஒரு கலை முழுவதற்கும் பெயராகி, பின்னர் வஞ்சகத்துக்கும் பெயராகிவிட்டது.

இந்தக் கலையைக் குறிக்கும் பிற சொற்களும் கவனிக்கத்தக்கவை. தமிழில் 'கண்கட்டு வித்தை'. இந்துஸ்தானியில் 'நஸர்பந்தி', அதாவது பார்வையைக் கட்டுதல். இவ்விரண்டும் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர்வதைச் சொல்கின்றன. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் தரும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலில் 'ஐந்திரஜாலம்' ஒன்று, 'ஹஸ்தலாகவம்' மற்றொன்று. பின்னதற்குக் கையின் இலகு என்று பொருள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற 'லெஜர்டிமெயின்' என்ற சொல்லுக்கும் நேர்ப்பொருள் அதுவே. இவ்விரண்டும் செய்பவரின் கையைச் சொல்கின்றன. ஆக, கண், கை, கருவி ஆகிய மூன்றும் சொற்களில் பதிவாகியிருக்கின்றன. நான்காவது ஒன்று இவற்றில் இல்லை. அது வித்தைக்காரரின் பேச்சு. வித்தையைக் கற்பிக்க எழுந்த நூல்களிலும், குறிப்பாக இந்திய வித்தையைப் பற்றிய நூல்களிலும், பெரும்பாலும் விடுபட்டது அதுவே. அந்த விடுபாடு டெல்லியின் தெருக்களில் எத்தகைய விளைவை உண்டாக்கியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வித்தையின் செய்முறையை எழுத்தில் வைப்பதற்கு எப்போதும் ஒரு நோக்கம் இருந்திருக்கிறது. 1909இல் ஆர். சாமசாஸ்திரி மைசூரில் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தின் பதின்மூன்றாம் அதிகரணம், பகைவனின் கோட்டையைக் கைப்பற்ற விரும்பும் அரசனுக்குச் சில காட்சிகளை அமைத்துத் தருகிறது. சுரங்க வழியாக உள்ளே நுழைந்த ஒற்றர் தெய்வத்தின் உருவத்துக்குள்ளிருந்து பேச வேண்டும். அரசன் அத்தெய்வத்தோடு உரையாடுவதை மக்கள் காண வேண்டும். பதினான்காம் அதிகரணத்தில் மருந்துக் கலவைகளும் மந்திரங்களும் வருகின்றன. இங்கே வித்தையின் நூல் அரசனுக்கு உரியது. அரங்கில் அமர்ந்திருப்போர் தாம் அரங்கில் இருக்கிறோம் என்பதை அறியாதவர்கள்.

இங்கிலாந்தில் 1584இல் வெளிவந்த ரெஜினால்ட் ஸ்காட்டின் நூல் இதற்கு நேர்மாறான நோக்கத்தில் பிறந்தது. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டு ஏழைப் பெண்கள் தண்டிக்கப்பட்ட காலம் அது. வியக்கத்தக்க செயல்களுக்குப் பேயின் துணை வேண்டியதில்லை, பழகிய கை போதும் என்று நிறுவுவதற்காகவே ஸ்காட் செப்பு, நாணயம், கயிறு, தலைவெட்டு முதலிய வித்தைகளின் செய்முறையை விரிவாக எழுதினார். லண்டனில் வாழ்ந்த ஜான் கோட்டரெஸ் என்ற பிரெஞ்சு வித்தைக்காரரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஆங்கிலத்தில் வித்தைகளுக்கெனவே எழுந்த முதல் நூலாகக் கருதப்படும் 'ஹோகஸ் போகஸ் ஜூனியர்' 1634இல் வந்தது. பிறரைக் காக்க எழுதப்பட்ட பக்கங்கள் அரை நூற்றாண்டுக்குள் பொழுதுபோக்கு நூலுக்கு வழி வகுத்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாசகர் யார் என்பது மீண்டும் மாறியது. ஏஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர் 'பேராசிரியர் ஹாஃப்மன்' என்னும் புனைபெயரில் சிறுவர் இதழ் ஒன்றில் தொடராக எழுதி 1876இல் நூலாக்கிய 'மாடர்ன் மேஜிக்', வித்தையை ஓய்வுநேரக் கல்வியாக்கியது. கோல், மேசை, மேசையின் பின்புறம் மறைந்திருக்கும் தட்டு, சீட்டு, நாணயம் என்று அது படிப்படியாகச் செல்கிறது. முதலில் பார்வையாளர் காண்பது என்ன என்று கூறி, பிறகு கை செய்வதைச் சொல்வது இவ்வகை நூல்களின் பொதுவான உரைநடை முறை. வரவேற்பறை, முன்வரிசை நாற்காலிகள், மேசைக்குப் பின்னால் நிற்கும் கனவான் ஆகியவை அந்த நூலின் இலக்கணத்துக்குள்ளேயே அமைந்துவிட்டன.

இந்திய வித்தைக்காரர் ஐரோப்பிய அச்சுக்குள் நுழைந்தது இந்த வரவேற்பறை வழியாகத்தான். 1813இல் லண்டன் பால்மால் பகுதியில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று கட்டணக் காட்சி நடத்தியது. அந்தத் தலைமுறையில் இங்கிலாந்தில் புகழ்பெற்ற 'ரமோ சமி' வேறு யாருமல்லர், ஒரு ராமசாமி. பந்துகளை வீசிப் பிடிப்பதிலும் வாள் விழுங்குவதிலும் தேர்ந்தவர் அவர். இந்திய வித்தைக்காரரைக் கண்ட வியப்பில் வில்லியம் ஹாஸ்லிட் எழுதிய கட்டுரை ஆங்கில உரைநடைப் பாடத்தில் இன்றும் வாசிக்கப்படுகிறது. ராமசாமியோ 1850இல் வறுமையில் இறந்தார். அவர் பேசியது என்ன, யாரிடம் கற்றார், எவ்வாறு பயின்றார் என்ற செய்திகளுக்கு அந்த வியப்பில் இடம் கிடைக்கவில்லை.

மேஜர் எல். எச். பிரான்சன் 1922இல் வெளியிட்ட 'இந்தியன் கான்ஜுரிங்' இந்த வரிசையில் முக்கியமான ஆவணம். இந்தியாவில் பணியாற்றிய படை அதிகாரியான அவர், தாமும் வித்தை பயின்றவர். செப்பும் பந்தும், மாமரம் முளைப்பது, கூடைக்குள் சிறுவன், நீரில் மூழ்கி எழும் வாத்து, நீரிலிட்ட வண்ண மணல் உலர்ந்து வெளிவருவது என்று தெரு வித்தைக்காரரின் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்முறையை விளக்குகிறார். மேலை நாட்டுக் கலைஞரோடு ஒப்பிட்டு இந்திய வித்தைக்காரரைத் தாழ்வாகவே மதிப்பிடுகிறார். அவருடைய விளக்கங்கள் பெரும்பாலும் பயனுள்ளவை. ஆயினும் அவற்றில் வருபவர் 'இந்திய வித்தைக்காரர்' என்ற பொது உருவம். ஸ்காட்டின் பக்கத்தில் கோட்டரெஸ் என்ற தனிமனிதருக்குக் கிடைத்த இடம் இங்கே ஒரு வகைப்பாட்டுக்குப் போய்விட்டது.

ஒப்பீடே சிக்கலானது என்பதைச் செப்பின் வடிவத்தைக் கொண்டே காட்டலாம். ஐரோப்பியச் செப்பு உயரமான உலோகக் குவளை. நின்றபடி மேசை மீது ஆடுவதற்கு ஏற்றது. இந்தியச் செப்பு தாழ்ந்த கவிகை போன்றது, பெரும்பாலும் மரத்தால் ஆனது, உச்சியில் ஒரு குமிழ் உடையது. அந்தக் குமிழை இரு விரல்களுக்கு நடுவே பற்றித் தரைக்கு மிக அருகில் கவிழ்க்க வேண்டும். ஆடுபவர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். மறைக்க மேசை இல்லை, பின்னால் திரை இல்லை, பார்வையாளர் சுற்றிலும் நிற்பார்கள். ஹாஃப்மனின் நூல் கற்பிக்கும் பல நுட்பங்கள் இந்தத் தரையில் பயன்படா. இங்கே பார்வையாளரின் கண்ணைத் திருப்ப வித்தைக்காரருக்கு இருப்பவை முகம், உடுக்கை, குழல், பேச்சு. இவற்றுள் பேச்சே முதன்மையானது. அதை விட்டுவிட்டுக் கையை மட்டும் எழுதினால், எஞ்சுவதைக் காண்பவர் 'இவ்வளவுதானா' என்று கேட்பது இயல்பு.

மனத்தைப் படிப்பதாகக் காட்டும் வித்தைகளில் இந்த உண்மை மேலும் தெளிவாகும். வட இந்தியத் தெருவில் வித்தைக்காரருக்கு 'மதாரி' என்று பெயர். மகன்பூரில் அடங்கிய சூஃபி ஞானி ஷா மதாரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மதாரியின் துணைச் சிறுவன் 'ஜமூரா'. போர்வையால் மூடப்பட்டுத் தரையில் கிடக்கும் ஜமூராவிடம் மதாரி கேள்வி கேட்பார். கூட்டத்தில் ஒருவர் கையில் இருப்பது என்ன, அவர் அணிந்திருப்பது என்ன நிறம் என்று சிறுவன் மூடியபடியே பதில் சொல்வான். தமிழகத்து மோடி மஸ்தான்களின் ஆட்டத்தைக் கண்டவர்களுக்கும் இது புதிதன்று.

1846இல் பாரிஸில் ராபர்ட் ஊடான் தம் மகன் எமிலின் கண்ணைக் கட்டி இதே போன்ற காட்சியை அரங்கேற்றினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சான்சிக் தம்பதியர் உலகம் சுற்றி நடத்திய காட்சியும் இவ்வகையே. இவற்றின் அடிப்படை பெரும்பாலும் சங்கேத மொழி. கேள்வியின் சொல்லமைப்பிலேயே விடை ஒளிந்திருக்கும். தமிழில் ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: 'சொல்' என்றால் ஒன்று, 'சரி, சொல்' என்றால் இரண்டு, 'உடனே சொல்' என்றால் மூன்று என இருவர் முன்கூட்டியே வகுத்துக்கொண்டால், 'சரி, சொல்! உடனே சொல்!' என்ற அவசரக் குரலில் இருபத்து மூன்று என்ற எண் போய்ச் சேர்ந்துவிடும். கூட்டத்தின் காதில் அது வெறும் அதட்டல்.

மொழியியல் நோக்கில் இது கருதத்தக்க நிகழ்வு. ஒரே தொடர் ஒரே நேரத்தில் இரண்டு கேட்போருக்கு இரண்டு பொருள் தருகிறது. ஏவல் வினை, விளி, இடைச்சொல், இடைநிறுத்தம் ஆகியவையெல்லாம் குறிகளாகின்றன. இதனாலேயே ஆங்கிலச் சங்கேத நூல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து ஆட முடியாது; தமிழில் மிக இயல்பாக ஒலிக்கும் அதட்டல்களைத் தேடிப் புதிதாக அமைக்க வேண்டும். 1950களின் இறுதியில் பதின்மூன்று சிறு நூல்களாக வெளிவரத் தொடங்கி, இன்றுவரை மனவித்தைக் கலைஞர்களின் பாடநூலாக விளங்கும் கொரிண்டாவின் நூலுக்கும் இது பொருந்தும். பார்வையாளர் தாமே தெரிந்தெடுத்ததாக நம்பும்படி வாக்கியத்தை அமைப்பது அதன் நுட்பங்களுள் ஒன்று. அந்த வாக்கியங்கள் ஆங்கில வாக்கியங்கள். 'எதை வேண்டுமானாலும் எடுங்கள்' என்பதற்கும் 'எடுத்துக் கொடுங்கள்' என்பதற்கும் தமிழில் உள்ள இடைவெளியை அந்நூலால் கற்பிக்க இயலாது. தெருவில் ஒரு மதாரி தம் மகனுக்குக் கற்பித்தது அத்தகைய இடைவெளிகளைத்தான்.

இந்தியரே எழுதிய வித்தை நூல்கள் இல்லாமல் இல்லை. பி. சி. சர்க்கார் (1913–1971) வங்காளியிலும் ஆங்கிலத்திலும் தொடர்ந்து எழுதியவர். 1956இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை வாளால் அறுத்த காட்சி சட்டென முடிந்துவிட, அப்பெண் இறந்துவிட்டாள் என்று அஞ்சிய நேயர்கள் தொலைபேசியில் மொய்த்தார்கள். மகாராஜா உடை, பேரரங்கம், இசைக்குழு ஆகியவற்றோடு அவர் இந்திய வித்தைக்கு உலக மேடையில் ஒரு மதிப்பை ஈட்டித் தந்தார். ஆனால் அந்த மதிப்பு மேடைக்கு உரியதாயிற்று. தெருவுக்கு அதில் பங்கு வரவில்லை.

கயிற்று வித்தையின் வரலாறு எழுத்துக்கும் தெருவுக்கும் உள்ள உறவின் விசித்திரமான கிளை. வானில் எழும் கயிற்றில் சிறுவன் ஏறி மறைவதாகச் சொல்லப்படும் இவ்வித்தைக்குப் பழைய பயணக் குறிப்புகளில் முன்னோடிகள் உண்டு. எனினும் இன்று உலகறிந்த கதையைப் பரப்பியது 1890 ஆகஸ்டில் 'சிகாகோ டிரிபியூன்' வெளியிட்ட ஒரு செய்தி. அது புனைவு என்று சில மாதங்களில் அந்நாளேடே ஒப்புக்கொண்டது. மறுப்பைக் காட்டிலும் செய்தியே அதிகம் பரவியது. 1934இல் லண்டன் மேஜிக் சர்க்கிள் அமைப்பின் குழு ஒன்று 500 கினி பரிசு அறிவித்தும் எவரும் அதைப் பெறவில்லை. பீட்டர் லேமண்ட் 2004இல் இந்த வரலாற்றை நூலாக்கினார். இதற்கிடையே 1995இல் டெல்லியின் குதுப்மினார் அருகே, இஷாமுதீன் கான் என்னும் தெரு வித்தைக் கலைஞர் திறந்த வெளியில் கயிற்றை எழுப்பிச் சிறுவனை ஏறவும் வைத்தார். அதுவரை நூல்கள் தெருவிலிருந்து வித்தையை எடுத்துக்கொண்டன. இங்கே அச்சில் மட்டும் வாழ்ந்த ஒன்றைத் தெரு தன் உழைப்பால் செய்துகாட்டியது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வித்தை நூல் ஸ்காட்டின் நோக்கத்துக்குத் திரும்பியது. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978) அற்புதங்களை நிகழ்த்துவதாகச் சொல்பவர்களுக்கு 1963இல் ஒரு லட்சம் ரூபாய் அறைகூவல் விடுத்தார். கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) சாமியார்களின் 'அற்புதங்கள்' ஒவ்வொன்றுக்கும் செய்முறை தந்து நூல் எழுதினார். ஊர் ஊராகச் சென்று செய்தும் காட்டினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகள் இந்த மரபில் வருபவை. இங்கு செய்முறையை வெளியிடுவது சமூகப் பணி. அதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே வலியுறுத்த வேண்டும். காற்றிலிருந்து விபூதி வரவழைக்கும் சாமியார் அது தம் அருள் என்கிறார். அதே கை நுட்பத்தால் நாணயம் வரவழைக்கும் மதாரியோ, ஆட்டம் முடிந்ததும் இது தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, பிழைப்பு என்று தாமே சொல்லிவிடுகிறார். 'பாபி பேட் கா சவால் ஹை', பாவி வயிற்றின் கேள்வி இது, என்பது வட இந்தியத் தெரு ஆட்டத்தின் புகழ்பெற்ற முடிப்பு. தமிழகத்தில் 'எல்லாம் இந்த ஒரு சாண் வயித்துக்குத்தான்' என்று ஒலிப்பதும் அதுவே. அமைப்பு நோக்கில் இது ஆட்டத்தின் ஒரு பகுதி. வியப்பில் நின்ற கூட்டத்தை மெல்ல இறக்கி, செய்தது வேலை என்பதை உணர்த்தி, அவ்வேலைக்குக் கூலி கேட்கும் தொடர் அது. மேடைக் கலைஞருக்கு நுழைவுச்சீட்டு செய்யும் பணியைத் தெருக் கலைஞருக்கு இந்த வாக்கியம் செய்கிறது.

சட்டம் இந்த வாக்கியத்தை வேறு விதமாகக் கேட்டது. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் பின்னர் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பாடுவது, ஆடுவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது போன்ற எந்தப் பெயரிலும் பொது இடத்தில் காசு பெறுவதைப் பிச்சை என்று அது வரையறுத்தது. கைது செய்யவும் இல்லத்தில் அடைத்து வைக்கவும் இடம் தந்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8 அன்று இச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் டெல்லியில் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் இரண்டு தலைமுறைக்கு மேல் கடந்திருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில் மற்றொன்று நிகழ்ந்தது. ஷாதிபூர் பேருந்துப் பணிமனை அருகே பொம்மலாட்டக்காரர், கழைக்கூத்தாடிகள், வித்தைக்காரர் எனப் பல்லாயிரம் பேர் வாழ்ந்த கட்புத்லி காலனி, மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2017 அக்டோபர் இறுதியில் இடிக்கப்பட்டது. குடும்பங்கள் ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்கும் நரேலாவுக்கும் பிரிந்து சென்றன.

ஆடுபவரின் இடம் இப்படி மாறியபோது ஆட்டத்தின் இடமும் மாறியது. தெற்கு டெல்லியின் கிட்வாய் நகர், சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்றவை விடுதலைக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்தவை. தாழ்ந்த வீடுகள், நடுவே பொதுப் புல்வெளி, எவரும் நுழையக்கூடிய பாதைகள் என்பது அவற்றின் பழைய அமைப்பு. உடுக்கை ஒலி கேட்டுப் பிள்ளைகள் ஓடிவரவும், மாடத்திலிருந்து பெரியவர்கள் எட்டிப் பார்க்கவும் ஏற்ற இடம் அது. இன்று கிழக்குக் கிட்வாய் நகரில் பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. வாயிலில் காவலர் இருக்கிறார். சுற்றி நிற்கும் கூட்டம் என்பது தெரு வித்தையின் முதற்கருவி. அது கூடும் இடம் போய்விட்டால் செப்பும் பந்தும் கையில் இருந்தும் பயனில்லை.

இந்த வரலாற்றில் இரகசியம் எதுவும் அழிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாமரமும் கூடையும் செப்பும் எப்படிச் செய்யப்படுகின்றன என்பது 1922 முதல் நூலகங்களில் கிடக்கிறது. அழியும் நிலையில் இருப்பது அவற்றை நடத்திச் செல்லும் உரையாடல்: மதாரி விளிக்கும் விதம், ஜமூரா தாமதித்து விடை தரும் இடங்கள், கூட்டத்தில் குறுக்கே பேசுபவரை மடக்கும் தொடர்கள், இந்துஸ்தானியும் தொழிற்குழுவின் தனிமொழியும் கலக்கும் முறை, இறுதியில் காசு கேட்கும் சந்தம். சமஸ்கிருத அறிஞரான லீ சீகல் ஷாதிபூர் வித்தைக்காரர்களோடு பழகி 1991இல் வெளியிட்ட 'நெட் ஆஃப் மேஜிக்' இந்த உரையாடலுக்கு இடம் தந்த அரிய நூல். அதுவும் ஆங்கிலத்தில்தான் வாசிக்கக் கிடைக்கிறது. மூலத்தின் சங்கேதங்களும் ஒலிநயமும் மொழிபெயர்ப்பில் நிற்பதில்லை.

மொழித் துறைகள் செய்யத்தக்க பணி இங்கே தெளிவாக இருக்கிறது. அழியும் மொழிகளைப் பதிவு செய்யும் முறைகள் நம் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகின்றன. அதே கவனத்தோடு ஒரு முழு ஆட்டத்தின் பேச்சை, இடைநிறுத்தங்களோடும் கூட்டத்தின் மறுமொழிகளோடும் மூல மொழியிலேயே எழுத்தாக்கலாம். டெல்லியில் மதாரிகளோடும் தமிழகத்தில் மோடி மஸ்தான்களோடும் இதைத் தொடங்கலாம். எதை வெளியிடலாம், எதைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். சங்கேதம் அவர்களுடைய சொத்து. அவ்வாறு ஒரு வித்தை நூல் உருவாகுமானால் அட்டையில் ஆசிரியராக நிற்க வேண்டிய பெயரும் அவர்களுடையதே. ஜமூராவாகப் போர்வைக்குள் கிடந்து எழுபதுகளில் தொழில் கற்ற சிறுவர்கள் இன்று ஐம்பதைக் கடந்த முதியவர்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பதிவு செய்வதற்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் அதிகமில்லை.